சோலாவுக்குப் போகும் கேட்

தொலாவோன்,
அக்டோபர் 9

அன்பு மகள் மிரேயாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கோழிகளும் நாயும் அப்படியே, காற்று மட்டும்தான் இந்த வருஷம் பொறுமை இல்லாமல் இப்போதே ஆரம்பித்துவிட்டது. ஹாம்பர்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை லீனாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். வாரம் மூன்று தடவை போனில் பேசுகிறோமே, இப்போது எதற்கு இந்த மனிதர் பேனாவைத் தேடி எடுத்தார் என்று உனக்குத் தோன்றும். போனில் பேசினால் அம்மா தோளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். மெசேஜ் என்றால் அவள்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுகிறாள், பிறகு அடுத்த வீட்டுக்காரிக்கும் வாசித்துக் காட்டுகிறாள். அதனால் கடிதம். இதை நீ தனியாக உட்கார்ந்து படி, குழந்தை தூங்கட்டும், அடுப்பில் எதுவும் வைத்திருக்காதே.

நீ அனுப்பிய பயண வரைபடத்தை அம்மா கடையில் பெரிதாக அச்சடித்து வாங்கிவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். ஜனவரி பன்னிரண்டாம் தேதி த்ரெலேவில் வண்டியை எடுத்து, கடலோரமாகவே தெற்கே இறங்கி பென்குவின்களைப் பார்த்து, கமரோனெஸ் வரை போய், அங்கிருந்து உள்நாட்டுக்குத் திரும்பி ஆற்றை ஒட்டியே மேற்கே போய், லாஸ் ப்ளூமாஸ், பாசோ தெ இந்தியோஸ், கடைசியில் எஸ்கெல் காடு என்று மூன்று வாரத்துக்குக் கோடு போட்டிருக்கிறாய். அழகான கோடுதான். அம்மா தினமும் விரலை வைத்து அதன்மேல் ஒரு தடவை போய்வருகிறாள். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வண்டி என்று நீ சொன்ன நாளிலிருந்து தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை, வண்டிக்குத் திரைச்சீலை தைக்கிறாள். வாடகை வண்டிக்கு யாராவது திரை தைப்பார்களா என்று கேட்டேன். "உங்களுக்கு என்ன தெரியும், ஜனவரியில ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்குது, பிள்ளை தூங்க வேண்டாமா" என்கிறாள். முன்சீட்டு அவளுக்குத்தானாம். "மாத்தே டீ ஊத்திக் குடுக்கிறவதான் முன்னால உக்காரணும், நீங்க பின்னால கட்டில்ல போய்ப் படுங்க" என்று இப்போதே இடத்தைப் பிரித்துவிட்டாள். இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப வருஷம் ஆகிறது, அதைக் கெடுக்கப் போகிறவன் நான்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீ இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து எனக்கு இதே பயம்தான். இரண்டு கோப்பையை உடைத்துவிட்டேன், அம்மா எனக்கு வயசாகிவிட்டது என்று நினைக்கிறாள். முதலில் வண்டியைப் பற்றிய பயத்தைச் சொல்கிறேன், அதுவும் பொய்யான பயம் இல்லை. நீங்கள் எடுக்கப்போவது உயரமான வண்டி, பக்கவாட்டில் காற்று அடித்தால் சரளைச் சாலையில் அது தள்ளாடும், மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் நூற்றி அறுபதில் ஓட்டிப் பழக்கம் இருக்கலாம், இங்கே சரளையில் அறுபதைத் தாண்டக் கூடாது, வழுக்க ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்கவே கூடாது. நிறுத்தும்போது வண்டியின் மூக்கு மேற்கே பார்த்து, காற்றுக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கதவைத்தான் திறக்க வேண்டும், அதையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தையைக் கதவுப் பக்கம் நிற்க வைக்காமல். கடலோரத்தில் பெட்ரோல் பங்கைப் பார்த்தால் பாதி டாங்க் இருந்தாலும் நிரப்பு. எங்கே நின்றுபோனாலும் வண்டியை விட்டு இறங்கி நடக்காதே, யார் என்ன சொன்னாலும் நடக்காதே. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மா சிரித்தாள். "முப்பத்தொரு வருஷம் அந்த ரோட்டுலயே சரளையைச் சமப்படுத்துற கிரேடர் ஓட்டின மனுசன், இப்ப ரோட்டப் பாத்துப் பயப்படுறாரு பாரு" என்று நாயிடம் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன்.

உண்மையான பயம் உன் வரைபடத்தில் கமரோனெசுக்கு வடக்கே நீ பச்சை மையில் போட்டிருக்கும் வட்டத்தில் இருக்கிறது. சோலா விரிகுடா. போன மாதம் நீ போனில் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது, வில்மாவும் ஹாலந்திலிருந்து உங்களோடு வருகிறார், முதல் வாரம் வண்டியில் உங்களோடு இருப்பார், தன் புருஷன் ஹென்க் இறந்த இடத்தை இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார் என்று. "அப்பாவும் அவங்களும் அந்தக் கேட்டுக்கிட்ட சேர்ந்து நிக்கணும்மா, அப்பா கையைப் பிடிச்சு ஒரு தடவை நன்றி சொல்லணுமாம், அவங்களுக்கு வேற ஆசையே இல்லையாம்" என்றாய். அம்மா அழுதாள். நான் கோழிக்கூண்டைச் சாத்தப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன், கூண்டு சாத்தித்தான் இருந்தது. அடுத்த வாரம் நான் உன்னிடம் சோலா பாதையைப் பண்ணைக்காரர்கள் மூடிவிட்டார்கள் என்று சொன்னது பொய். நீ பண்ணைக்கே எழுதிக் கேட்டு, திறந்துதான் இருக்கிறது என்று பதில் வாங்கிவிட்டாய். அதற்குப் பிறகு இடுப்பு வலி, பயணம் முடியாது என்று சொன்னேனே, அதுவும் பொய்தான்.

உனக்கு அப்போது பதினொரு வயது. உனக்குத் தெரிந்த கதையை முதலில் சொல்கிறேன், ஊருக்கும் அதுதான் தெரியும். ஹாலந்துக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பழைய வண்டியில் படுக்கை போட்டுக்கொண்டு கடலோரமாக வந்தார்கள், சோலாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள், உன் ஞானத்தந்தை அன்செல்மோ அந்தப் பண்ணையில் ஆடு மேய்க்கும் வேலையில் இருந்தார், அவர்தான் சாலையோரக் கேட்டைத் திறந்து உள்ளே விட்டார். பிறகு கமரோனெஸ் திருவிழாவுக்குக் குடிக்கப் போன அவசரத்தில் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தபோது கேட் பூட்டியிருந்தது. அந்த வேலி நெடுக ஒரே மாதிரி கேட்டுகள், தப்பான கேட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து வேறு வழி தேடித் திரும்பிப் போய், கல்லில் இரண்டு டயர் கிழிந்து, பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே நின்றுவிட்டார்கள். திங்கட்கிழமை ஹென்க் ஒரு பாட்டில் தண்ணீரோடு நடந்தார். புதன்கிழமை உன் அப்பா போய் வில்மாவைக் காப்பாற்றினார். வியாழக்கிழமை ஹென்க்கையும் உன் அப்பாதான் கண்டுபிடித்தார், சாலைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு புதரடியில், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி. நடுவில் ஒரு சின்ன மேடு இருந்ததால் அவருக்குச் சாலை தெரியவில்லை. பேப்பரில் என் படம் வந்தது, அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள், இப்போதும் மாட்டியிருக்கிறது.

இனி உனக்குத் தெரியாதது. அந்தச் சனிக்கிழமை காலை நான் கிரேடரை ஓட்டிக்கொண்டு தெற்கே போய்க்கொண்டிருந்தேன். சோலா கேட் அகலத் திறந்து கிடந்தது, காற்றில் ஆடாமல் இருக்க அடியில் ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தது. நீ ஆறு வயதில் லாரியில் என்னோடு வரும்போதே உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும், திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி, ஏன் என்று கேட்கக் கூடாது, அதற்கு ஒரு காரணம் இருக்கும். இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கல்லைப் பார்த்தபோதே யாரோ வேண்டுமென்று திறந்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆடுகள் இருபது இருபத்தைந்து கேட்டுக்குப் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன, மந்தை சாலைக்கு வந்து சிதறிவிட்டால் அன்செல்மோவின் வேலை போய்விடும், ஏற்கெனவே மேலாளர் அவர்மேல் கடுப்பில் இருந்தார். திருவிழா நினைப்பில் மறந்துவிட்டுப் போயிருப்பான் மனுஷன், நாம் ஒரு உதவி செய்வோம் என்று இறங்கினேன். கல்லைக் காலால் தள்ளினேன், கேட்டை இழுத்துச் சாத்தினேன், சங்கிலியைச் சுற்றினேன், அதில் தொங்கிக்கொண்டிருந்த பூட்டை அழுத்தினேன். சாவி இல்லாமலே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. இரண்டு நிமிஷ வேலை. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு ஏறி ஓட்டினேன். உள்ளே போன டயர் தடத்தை நான் குனிந்து பார்க்கவில்லை. சாலையைச் சீர் பண்ணுவதே தொழிலாக இருந்தவன், தடத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்து வடக்கே திரும்பி வரும்போது கேட்டருகே அன்செல்மோவின் குதிரை நின்றது. அவர் பூட்டைக் கையில் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றார். "பங்காளி, இதை யாருய்யா பூட்டினது, வெள்ளக்காரங்க உள்ள இருக்காங்க, ஞாயித்துக்கிழமை போயிடுவோம்னு சொன்னாங்களே, அவங்களுக்காகத்தான் தெறந்து போட்டுட்டுப் போனேன்" என்றார். மகளே, அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை. முதலில் அவர்களைத் தேடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கிரேடரை உள்ளே விட்டேன். வில்மா வண்டிக்குள் உதடு வெடித்து, பேச்சு வராமல் கிடந்தார், என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். அந்தக் கையால்தான் பூட்டை அழுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வரவில்லை. மறுநாள் ஹென்க்கைக் கண்ட பிறகு சொல்லவே முடியாது என்று ஆகிவிட்டது.

மேலாளர் விசாரித்தார், போலீஸ் விசாரித்தது, சாவி அன்செல்மோவிடம்தான் இருந்தது, அவர் குடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை, நான்தான் காப்பாற்றினவன் ஆயிற்றே. அவரைப் பண்ணையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன் நம் வீட்டுக்கு வந்தார், நீ அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய், உனக்கு நினைவிருக்காது. "குடிச்சிருந்தேன் பங்காளி, அதை ஒத்துக்கறேன். ஆனா பூட்டலை. நீயாவது நம்புறியா" என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். "நீ ஒருத்தன் நம்புனா எனக்குப் போதும்யா" என்றார். பிறகு கொமொதோரோவில் ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக இருந்தார். இறப்பதற்கு முந்தின வருஷம் போய்ப் பார்த்தேன், குடியை விட்டிருந்தார், ஆளே பாதியாகிவிட்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, "யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஒருவேளை நான்தான் பூட்டிட்டு மறந்துட்டேனோ என்னவோ" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அப்படி நம்பிக்கொண்டே செத்தார். நீயும் உன் ஞானத்தந்தையை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய், உன் கல்யாணத்துக்கு அவர் படத்தை ஆல்பத்தில் வைக்க வேண்டாம் என்று நீ சொன்னபோது நான் சும்மா இருந்தேன்.

இதில் உனக்கு வலிக்கப்போவது எது என்று எனக்குத் தெரியும். நன்றிக்கடன் என்றுதான் வில்மா ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் வாழ்த்து அனுப்பினார், நன்றிக்கடன் என்றுதான் பத்தொன்பது வயதில் உன்னைத் தன் வீட்டுக்கு அழைத்து மேல்மாடி அறையைக் கொடுத்தார், படிக்க வைத்தார், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அங்கே இருந்ததால்தான் மாப்பிள்ளையைச் சந்தித்தாய், லீனா பிறந்தாள். உன்னை அழைத்து அவர் எழுதிய கடிதம் வந்த அன்றே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உன் எதிர்காலம் என்று சொல்லி என் வாயைக் கட்டிக்கொண்டேன், அதுவும் பாதிதான் நிஜம், மீதிப் பாதி வெறும் கோழைத்தனம். உன்னிடம் கோபப்படாதே என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உனக்குத் தோன்றுகிறபடி இரு.

ஆனால் அந்தக் கேட்டில் வில்மா என் கையைப் பிடித்து நன்றி சொல்வதை நான் நின்று வாங்கிக்கொள்ள முடியாது. சொல்லாமல் அந்த வண்டியில் ஏறி, அவர் எதிரே உட்கார்ந்து, அம்மா ஊற்றிக் கொடுக்கும் மாத்தேயை அவரும் நானும் ஒரே குழலில் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் போகவும் என்னால் முடியாது. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லும் பயம்தான் பெரிதாக இருந்தது, உன் பச்சை வட்டத்தைப் பார்த்ததிலிருந்து மற்றது பெரிதாகிவிட்டது. அவ்வளவுதான், எனக்குத் திடீரென்று தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே.

அதனால் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். கீழே வில்மாவுக்கு நான் எழுதியது இருக்கிறது. எனக்கு நம் பாஷை தவிர வேறு தெரியாது, நீதான் அதை அவருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க வேண்டும். போனில் சொல்லாதே, நேரில் போய்க் கொடு, ஹாம்பர்கிலிருந்து ரயிலில் சில மணி நேரம்தானே. அவர் விமானம் ஏறுவதற்கு முன்பு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இங்கே வந்து, திரும்பிப் போக வழியில்லாத இடத்தில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. ஒரு வார்த்தையையும் பூசி மெழுகாதே. அப்பா நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்று நீயாக எதையும் சேர்க்காதே. அவர் வர விரும்பவில்லை என்றால் பயணத்தை நிறுத்திவிடு, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் வந்து, நான் இல்லாமல் அந்த இடத்துக்குப் போக விரும்பினால் நீ அழைத்துப் போ. நான் வர வேண்டும் என்று அவரே சொன்னால் வருவேன், என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்லப்போகிறேன், முதலில் சொன்னால் அவள் தபாலுக்குப் போக விடமாட்டாள், அல்லது நானே போகமாட்டேன். நீ இதைப் படிக்கும் நேரத்தில் அவள் திரை தைப்பதை நிறுத்தியிருப்பாள். அவளுக்குப் போன் செய், என்னைக் கேட்காமல் அவளோடு மட்டும் பேசு.

லீனாவுக்குத் தாத்தாவின் முத்தம். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், என் பாவம் உங்கள் வழியில் குறுக்கே வராமல் இருக்கட்டும். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும், இந்த நாட்டில் எந்த வண்டியை எடுத்தாலும் ஸ்பேர் டயர் இரண்டு இருக்கிறதா என்று நீயே குனிந்து பார், இருக்கிறது என்று கடைக்காரன் சொல்வதை நம்பாதே.

உன் அப்பா,
பெர்மின்

வில்மாவுக்கு:

அம்மா, அந்தச் சனிக்கிழமை காலை கேட் திறந்துதான் இருந்தது. அன்செல்மோ உங்களுக்காக அதைத் திறந்து, கல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பூட்டியவன் நான். ஹென்க் நடந்துகொண்டிருந்த திங்கட்கிழமை நான் அறுபது கிலோமீட்டர் தள்ளி நிழலில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். புதன்கிழமை உங்களைத் தேடி நான் வரவில்லை, அன்செல்மோதான் தேடி வந்தார், நான் அவர் பின்னால் வந்தேன். அவர் செத்த வருஷம் நீங்கள் எனக்கு எழுதிய கார்டில் அவரை மன்னித்துவிட்டதாகச் சொல்லி, அதை அவர் கல்லறையில் போய்ச் சொல்லச் சொன்னீர்கள். நான் போகவில்லை. அவரிடம் மன்னிக்க ஒன்றும் இல்லை.

பெர்மின்